கொரோனா பழக்கங்கள்: தெரியாமல் விட்டோமா, வழியில்லாமல் விட்டோமா?

புளியந்தோப்புக்காரி (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் மகனுக்குக் காய்ச்சல். வீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எட்டு நாற்காலி, இருபது பேர். பாதிப் பேருக்கு இருமல். ஜன்னலை இறுகச் சாத்தி ஏசி போட்டிருந்தார்கள். மாஸ்க் போட்டிருந்தது நானும் மகனும், மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியும்தான். எதிரில் இருந்த பெரியவர் சலித்துக்கொண்டார்: "அவ்வளவு சாவைப் பார்த்தும் நம்ம ஜனங்களுக்குப் புத்தி வரலையே. ஒண்ணும் தெரியாத ஜனம்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2020 மே மாதத்திலிருந்து நான்கு மாதம், சென்னை மாநகராட்சிக்காக வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நோட்டு, நெற்றியில் காட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர், தினமும் சுமார் நூறு வீடு. "யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கா? சாப்பாட்டில் ருசி தெரியுதா?" என்று கேட்பேன். கேட்டு முடிப்பதற்குள் உள்ளே இருந்து பதில் வந்துவிடும். கையை எவ்வளவு நேரம் கழுவ வேண்டும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். போன் போட்டால் இருமல் சத்தத்தோடு அறிவுரை, தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவுரை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விரல் இடுக்கில் எப்படிச் சோப்புப் போட வேண்டும் என்று எனக்கே செய்து காட்டினான்.

ஆனால் அந்தப் பையன் வீடு பத்துக்குப் பத்து. உள்ளே ஆறு பேர். ஏழு குடித்தனத்துக்கு ஒரே கழிவறை. தண்ணீர் தெரு அடிபம்பில். ஒருத்தர் பம்பை அடித்தால்தான் இன்னொருத்தர் கை கழுவ முடியும், அடித்தவர் கைப்பிடியைத்தான் அடுத்தவரும் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு ஆயா கேட்டார்: "ஆறடி ஆறடின்றியே கண்ணு, இந்த ரூம்ல யாரை வெளியில நிக்க வைக்கிறது?" என்னிடம் பதில் இல்லை.

மக்களுக்குத் தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்தது. செய்ய வழியில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மருந்துக்கடை_அண்ணாநகர்

அக்கா, உங்கள் உழைப்புக்கு முதலில் வணக்கம். ஆனால் கருத்தில் நான் எதிர்ப்பக்கம்.

இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர் பாதிப் பேர் மூன்று படுக்கையறை வீட்டில் இருப்பவர்கள். தண்ணீர் இருபத்து நாலு மணி நேரமும் வரும். வேலை லேப்டாப்பில். வழியில்லை என்று இவர்கள் சொல்ல முடியாது. இவர்கள் செய்தது என்ன தெரியுமா? கையுறை போட்டுக்கொண்டு வருவார்கள். அதே கையுறையோடு ரூபாய் நோட்டை எண்ணி, போனைத் தொட்டு, மூக்கையும் சொறிந்துகொள்வார்கள். கத்தரிக்காயைத் துணி சோப்புத் தண்ணீரில் ஊற வைத்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய மருந்துச் சீட்டைக் காட்டி அசித்ரோமைசின், ஐவர்மெக்டின் இரண்டு அட்டை கொடு என்பார்கள். இன்னும் வராத நோய்க்கு. டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை கேட்டவர்கள் உண்டு. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு அது உயிர் காக்கும், லேசான காய்ச்சல்காரனுக்குக் கெடுதல் செய்யலாம் என்று சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

வாசகம் தெரிவதும் விஷயம் தெரிவதும் ஒன்று இல்லை. "கை கழுவு" என்பது வாசகம். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன உறை இருக்கிறது, எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கை எடுப்பது மாதிரி சோப்பு அந்த உறையைப் பிய்த்துவிடும், அதற்குச் சில வினாடி வேண்டும் என்பது விஷயம். காரணம் புரிந்தவன் சோப்பே போதும் என்று நிம்மதியாக இருப்பான். புரியாதவன் ஆயிரம் ரூபாய்க்குச் சானிடைசர் வாங்கிக்கொண்டு மூக்குக்குக் கீழே மாஸ்க் போடுவான்.

இன்னொன்று. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்துபோன ஒரு நரம்பியல் மருத்துவரின் உடலை எங்கள் பகுதி மயானத்துக்குக் கொண்டு வந்தபோது கூட்டம் கூடிக் கல்லும் கட்டையும் எறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்கள் ரத்தத்தோடு ஓடினார்கள். கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் ராத்திரியில் தானே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்த உடலிலிருந்து மண் வழியாக நோய் கிளம்பி வரும் என்று நம்பியதால்தான் அது நடந்தது. இதை அறியாமை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அன்றைக்கு நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிட நடையில் இருந்துகொண்டு, என் வாடிக்கையாளர்களில் எத்தனை பேருக்கு நான் இதை விளக்கியிருக்கிறேன் என்று யோசித்தேன்.

கோயம்பேடு_மூட்டை

எங்கள் குடும்பத்துக்குச் சென்னை கோயம்பேடு மொத்தக் காய்கறிச் சந்தையில் தக்காளிக் கடை. எந்தச் செய்தியிலும் "பொறுப்பில்லாத கூட்டம்" என்றுதான் எங்களைச் சொன்னார்கள். அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

2020 ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது, 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு, காய்கறிக் கடைகூடக் கிடையாது என்று. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். ஊரே என்ன செய்யும்? 25-ஆம் தேதி எங்கள் சந்தை தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. எங்கள் கடை வாசலில் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் கால் வைக்க இடம் இல்லை. அப்பா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். தள்ளி நிற்க ஆசைப்பட்டவனையும் பின்னாலிருந்து தள்ளினார்கள். அடுத்த வாரமே சந்தையில் தொற்று கிளம்பியது. மே 5 அன்று மூடினார்கள். லாரியில் வந்தவர்கள், லோடுமேன்கள் வழியாக அது பல மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே வந்தவர்கள் எல்லாருக்கும் கூட்டம் ஆபத்து என்று தெரியும். நாலு நாள் பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்பதும் தெரியும். மருந்துக்கடை அண்ணன் சொல்கிற காரணம் புரிந்திருந்தாலும் அன்றைக்கு வந்திருப்பார்கள்.

அப்புறம் திருமழிசையில் போட்ட தற்காலிகச் சந்தைக்குப் போனோம், செப்டம்பர் 28-ஆம் தேதி திரும்பி வந்தோம். திருமழிசையில் கடைக்கும் கடைக்கும் இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள். அங்கே யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. இடம் இருந்தது, அதனால் தள்ளி நின்றோம். மழை வந்தால் சேறு முழங்கால் வரை, அது வேறு கதை.

புள்ளிக்கணக்கு

நான் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூன்று பகுதியாகக் கேள்வி கேட்கிற ஆய்வு முறை ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க இதை நடத்தினார்கள். ஊரடங்கில் நேரில் போக முடியாததால் பெரும்பாலும் இணையப் படிவம். லிங்க் யாருக்குப் போகும்? ஸ்மார்ட்போன் உள்ள, படித்த, நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்களுக்கு. அக்கா சொன்ன அந்த ஆயாவுக்கு ஒருபோதும் போகாது. இன்னொரு சிக்கல், "வெளியே போகும்போது மாஸ்க் போடுகிறீர்களா?" என்று கேட்டால் யார் "இல்லை" என்று டிக் அடிப்பார்கள்? அதனால் "90 சதவீதம் பேர் கடைப்பிடிக்கிறார்கள்" என்கிற மாதிரி எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும். என் வகுப்பில் இதைச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கிறேன்.

ரத்தம் பொய் சொல்லாது. 2020 ஜூலையில் சென்னையில் 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்து எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஊர் முழுக்கச் சேர்த்து 21.5 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே நோய் வந்து போயிருந்தது. மண்டலவாரியாகப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் 40 சதவீதத்துக்கும் மேல். மாதவரத்தில் 10 சதவீதத்துக்கும் கீழ். இரண்டு இடத்துக்கும் ஒரே அறிவுரை, ஒரே காலர் ட்யூன், ஒரே போஸ்டர். தண்டையார்பேட்டைக்காரருக்கு அறிவு நாலு மடங்கு குறைவா? இல்லை. வீடுகள் நெருக்கம். இந்த விஷயத்தில் நான் அக்கா பக்கம்.

மருந்துக்கடை_அண்ணாநகர்

தம்பி, எண்ணை மறுக்கவில்லை. 2020 வரைக்கும் நெருக்கம்தான் பெரிய காரணம், சரி. கோயம்பேட்டுத் தம்பி சொன்னதும் மனசில் தைத்தது.

ஆனால் 2021-க்கு வாருங்கள். ஜனவரியிலேயே "கொரோனா போயிடுச்சு" என்று கல்யாண மண்டபங்கள் நிரம்பின. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். பிரசாரக் கூட்டங்களில் எத்தனை முகத்தில் மாஸ்க் பார்த்தீர்கள்? மே மூன்றாம் வாரம் தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தொட்டது. அந்த அலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தப்பவில்லை. என் கடைக்கு எதிரே உள்ள குடியிருப்பில் ஒரே வாரத்தில் மூன்று சாவு. அந்த வீடுகளில் அறை இருந்தது, தண்ணீர் இருந்தது, படிப்பும் இருந்தது. "எனக்கு வராது" என்கிற எண்ணமும் இருந்தது. அந்த எண்ணத்துக்கு வாடகை வீடு, சொந்த வீடு வித்தியாசம் கிடையாது.

சுக்குக்காபி

இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். தொற்று என்றால் என்ன என்று நம் ஊருக்கு 2020-ல் யாரோ வந்து சொல்லித் தரவில்லை. அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டான். உடம்புக்கு வந்தவரைத் தனியாகப் படுக்க வைப்பார்கள், வீட்டில் தாளிக்க மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மற்ற வீட்டுக்குப் போகவும் மாட்டார்கள். தனிமைப்படுத்தல் என்று நீங்கள் சொல்வதை என் பாட்டி "ஆத்தா வந்திருக்கா" என்று சொன்னார். யாரும் அவமானப்படவில்லை. மரியாதையோடு தள்ளி நின்றார்கள்.

கபசுரக் குடிநீரும் அப்படித்தான். சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என்று பதினைந்து சரக்கு. தெருமுனையில் அண்டா வைத்துக் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் கசப்பை வாங்கிக் குடித்தபோது கிடைத்த தைரியத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். எங்கள் தெருவில் தினம் காலை அண்டாவைக் கிளறியது என் அம்மா. அறுபத்தேழு வயது அவருக்கு அப்போது.

இரவுப்பணி

வணக்கம். நான் நர்ஸ். இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து முழு இழையையும் படித்தேன்.

சுக்குக்காபி, உங்கள் அம்மாவைக் கும்பிடுகிறேன். நானும் கபசுரம் குடித்தேன். ஆனால் அண்டாவைச் சுற்றி நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். குடிப்பதற்காக மாஸ்க்கைக் கழற்றி, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். "கபசுரம் குடிச்சாச்சு, இனி ஒண்ணும் வராது" என்று சொல்லி மாஸ்க் போடாமல் போனவர்களை என் வார்டில் பிறகு பார்த்தேன். கஷாயத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கவசம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் இருக்கிறது.

வேப்பிலை பற்றி நீங்கள் சொன்னதுதான் என்னைக் கலங்க வைத்தது. யாரும் அவமானப்படவில்லை என்றீர்கள். 2020-ல் அந்த இடத்தில் தகரம் வந்தது. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரத் தகடு அடித்து அடைத்தார்கள். கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வேப்பிலை "இங்கே ஒருத்தர் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார்" என்று சொல்லும். தகரம் "இங்கே ஒரு குற்றவாளி இருக்கிறான்" என்று சொல்லும். பக்கத்து வீட்டுக்காரன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். அதற்குப் பயந்து என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் உடனே வாருங்கள் என்று எல்லாரும் படித்துப் படித்துச் சொன்னோம். என் வார்டுக்கு வந்தவர்களில் பலர் எழுபத்தைந்தில் வந்தார்கள். ஒருவர் நடந்தே வந்தார், பேசிக்கொண்டே வந்தார், விரலில் மாட்டினால் 71. உதடு நீலம். ஐந்து நாளாகக் காய்ச்சல் என்றார். "ஏன்ப்பா முன்னாடியே வரல?" என்று கேட்டேன். "தகரம் அடிச்சிடுவாங்க சிஸ்டர். பொண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கு" என்றார். ஆக்சிஜன் அளவு ஏன் முக்கியம் என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டிலேயே அந்தக் கருவி வைத்திருந்தார். தினமும் பார்த்திருக்கிறார். எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் பிழைக்கவில்லை.

அவருக்கு அறிவு குறைவா? வசதி குறைவா? இரண்டும் இல்லை. பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது கிருமி மட்டும் இல்லை.

புள்ளிக்கணக்கு

சிஸ்டர், நீங்கள் சொன்னதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும். தடுப்பூசியிலும் இதே மாதிரி பயம் வேலை செய்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று அரசு மருத்துவமனைக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு பின்னர் ஆராய்ந்து சொன்னது. அந்த முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் எங்கள் தெருவில் ஊசி என்றாலே கதவைச் சாத்தினார்கள்.

இரவுப்பணி

ஆமாம் தம்பி. அந்த வாரம் எங்கள் தடுப்பூசி மையத்தில் பாதி நாற்காலி காலி. நல்ல மனசோடு வந்த மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்லியே ஜனங்கள் பயந்தது எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் மே மாதம் சாவு எண்ணிக்கை ஏறியதும் விடியற்காலை நாலு மணிக்கே வரிசை. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுக்க மாபெரும் முகாம் நடத்தினார்கள், ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். தெருவுக்கே வந்து, சாயங்காலம் வரைக்கும் இருந்து போட்டதால் கூலி வேலைக்காரர்கள் வந்தார்கள். ஒரு வயசான அம்மா முழங்கையை நீட்டி, பழைய அம்மைத் தடுப்பூசித் தழும்பைக் காட்டி, "இதுக்குப் பக்கத்துலயே போடும்மா, அது என்னைக் காப்பாத்துச்சு" என்றார். அந்தக் காலத்தில் அம்மைப் பால், அதாவது அம்மைத் தடுப்பு மருந்து, செய்வதற்காக 1899-ல் தொடங்கியதுதான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் என்று அவருக்குச் சொன்னேன். 2020-ல் கொரோனாப் பரிசோதனையும் அங்கே நடந்தது. அவர் அதிகம் ஆச்சரியப்படவில்லை. "அப்ப சரியான இடம்தான்" என்றார்.

சுக்குக்காபி

சிஸ்டர், தகரம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அண்டாவைச் சுற்றிக் கூட்டம் கூடியதும் உண்மை. எங்கள் தெருவில் அம்மா ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே ஊற்றுவார், யாரும் வெளியே வர வேண்டாம் என்று. எல்லாத் தெருவிலும் அப்படி நடக்கவில்லை.

கசாயத்தின் மேல் எனக்குள்ள நம்பிக்கையை மாற்றிக்கொள்ள மாட்டேன். மாஸ்க்குக்குப் பதில் கசாயம் என்று யாராவது சொன்னால் இனி நானும் சண்டைக்கு வருவேன்.

புளியந்தோப்புக்காரி

சிஸ்டர் எழுதியதைப் படித்த பிறகு நான் ஒன்றை மறைக்கக் கூடாது.

2020 ஜூன். 19-ஆம் தேதி முதல் மறுபடியும் கடும் ஊரடங்கு அறிவித்திருந்த நேரம். ஒரு வீட்டில் கதவைத் தட்டினேன். "இருங்க" என்று குரல். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் கதவைத் திறந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். தெர்மாமீட்டரை நெற்றியில் காட்டினேன், 95 டிகிரி. ஜூன் மாதச் சென்னையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, யாருக்கு 95 இருக்கும்? அவர் காதோரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கயிற்றில் ஈரத் துண்டு தொங்கியது. நான் வரும் சத்தம் கேட்டதும் நெற்றியில் ஈரத் துணியை வைத்து எடுத்திருக்கிறார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். புருஷன் பெயிண்டர், இரண்டு மாதமாக வேலை இல்லை, அந்த வாரம்தான் ஒரு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. எனக்கு அது தெரியும். ஆமாம் என்று எழுதினால் வீட்டை அடைப்பார்கள், வேலை போகும். நோட்டில் "இல்லை" என்று எழுதினேன்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவருடைய மாமியார் படுத்திருந்தார், சர்க்கரை நோயாளி. மறுநாள் காலை ஆறு மணிக்கு, நோட்டு இல்லாமல், ஐந்து கிலோ அரிசியும் கொஞ்சம் பருப்பும் எடுத்துக்கொண்டு போனேன். "நீ பரிசோதனை முகாமுக்கு வா, நான் கூட நிக்கிறேன். வீட்டுக்குச் சாமான் நான் கொண்டுவந்து தரேன்" என்றேன். வந்தார். பாசிட்டிவ். மாமியாருக்கும் பாசிட்டிவ். மாமியார் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தார். பக்கத்து இரண்டு வீட்டுப் பெண்கள் முறை வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் இருவரும் அடுத்த வாரம் லேசாகத் தொண்டை கரகரத்ததும் தாங்களாகவே முகாமுக்கு வந்து நின்றார்கள்.

அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாரும் ஈரத் துண்டை வைக்கவில்லை. நான் புதிதாக எந்தப் பாடமும் சொல்லவில்லை. மருந்துக்கடைத் தம்பி, அதனால்தான் நான் "அறியாமை" என்ற சொல்லைக் கேட்டால் பொறுக்கமாட்டேன் என்கிறேன்.

மருந்துக்கடை_அண்ணாநகர்

அக்கா, நீங்கள் மறுநாள் போனது பெரிய விஷயம். நானாக இருந்தால் அரிசியோடு போக எனக்குத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை.

ஆனாலும் என் வாதத்தை முழுக்க விடமாட்டேன். பயம் போக வேண்டும், இடம் வேண்டும், கூலி வேண்டும், மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இவை எல்லாம் கிடைத்த பிறகும் தவறான விஷயத்தைச் சரியாகச் செய்துகொண்டிருந்தால் என்ன பயன்? பொதுஜனத்தை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துத்தான். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவும் நோய் இல்லை என்று அழுத்திச் சொன்னது. மூடிய அறையில் மெல்லிய துகளாக மிதந்து பரவும் என்று அவர்கள் தெளிவாக எழுத 2021 ஆகிவிட்டது. அதற்குள் நாம் என்ன செய்தோம்? தெருவுக்குப் பிளீச்சிங் பவுடர். ஆட்களின் மேல் மருந்து தெளிக்கும் சுரங்க வாசல். அது பயனில்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்று அரசே 2020 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது. என் கடையில் கதவுக் கைப்பிடியை ஒரு மணிக்கொரு தரம் துடைத்தேன். ஆனால் ஏசிக்காகக் கண்ணாடிக் கதவை இறுக மூடி வைத்திருந்தேன். உள்ளே நாலு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். எனக்கும் என் கடைப் பையன்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. கைப்பிடி பளபளவென்று இருந்தது.

காரணம் தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. மாஸ்க், கை கழுவுதல், ஆறடி எல்லாம் சுவரில் எழுதியிருக்கிறது. "ஜன்னலைத் திற" என்று எங்கேயாவது பெரிய எழுத்தில் பார்த்தீர்களா? அதனால்தான் அந்தக் கிளினிக் இன்றைக்கும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கோயம்பேடு_மூட்டை

அண்ணா, சென்னையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து பாருங்கள். கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். கொரோனாவுக்குத் திறந்தால் டெங்கு வரும் என்று என் அம்மா சொல்வார். எங்கள் வீட்டில் அஞ்சரை மணிக்கு எல்லா ஜன்னலும் அடைபடும், நான் பிறந்ததிலிருந்து.

மருந்துக்கடை_அண்ணாநகர்

அது நியாயமான பேச்சு. இதுவரைக்கும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரவுப்பணி

வார்டிலும் இதே கதைதான். பகலில் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்போம். இருட்டினால் நோயாளியே எழுந்து சாத்திவிடுவார். வலை அடித்த பக்கம் மட்டும் ராத்திரியும் திறந்திருக்கும், அங்கே யாரும் சாத்தச் சொல்ல மாட்டார்கள்.

புளியந்தோப்புக்காரி

இன்றைக்கு மகனுக்கு மறு பரிசோதனை. அதே கிளினிக். உள்ளே பதினான்கு பேர். கம்பவுண்டரிடம் போய், "தம்பி, ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?" என்று கேட்டேன். "திறந்தா கொசு வருது மேடம், டாக்டர் திட்டுவார்" என்றார். நேற்றுவரை இருந்தால் இவருக்கு அக்கறையில்லை என்று நினைத்துத் திரும்பியிருப்பேன். "வலை அடிச்சுக் கொடுத்தா திறப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தார். "தாராளமா" என்றார்.

அந்தப் பாட்டியும் வந்திருந்தார், மாஸ்க்கோடு. முகாமில் என்னைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றார். "கேட்டு வாங்கு கண்ணு" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டு ஜன்னல். மரச் சட்டம், பழைய கட்டடம். வெல்க்ரோ ஒட்டும் வலை நிற்குமா, சட்டத்தோடு அடிக்க வேண்டுமா, யாருக்காவது தெரியுமா?

மருந்துக்கடை_அண்ணாநகர்

மரச் சட்டம் என்றால் வெல்க்ரோ மழைக்குப் பிரிந்துவிடும் அக்கா, சட்டத்தோடு அடிப்பதுதான் நிற்கும். என் கடைக்கு எதிரே வலை அடிப்பவர் ஒருவர் இருக்கிறார். அகலம், உயரம் இரண்டும் அங்குலத்தில் அளந்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள்தான், நானே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.